உப்புத்தாள்

ஊத்தான் மெலிந்தாங் கடையில்
கெர்தாஸ் பாசிர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.
மணல்தாள்.
நாங்கள் உப்புத்தாள் என்போம்.
மூன்றாம் நாள் மாலை உதட்டை நக்கிப் பார்த்தேன்.
எங்கள் பெயர்தான் சரி.

செம்பனைக் குலை ஏற்றும் கொட்டகைக்குப் பின்னால்
நான்கு லோரி டயர்கள் மேல்
குப்புறக் கிடக்கிறது படகு.
நானும் நாத்தனார் மங்கையும்
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது.
எந்தப் பாதி யாருடையது என்று இன்னும் பேசவில்லை.

எண்பதாம் நம்பரில் பச்சை போனது.
பச்சைக்கடியில் நீலம். நீலத்துக்கடியில்
யாரோ அவசரத்தில் அப்பிய ஈயநிறம்.
அதற்கும் அடியில் செங்கால் மரம்,
தேநீர்ச் சக்கை நிறத்தில்,
ரேகை ரேகையாக.

நூற்றிருபதுக்கு மாறிய அன்று
ஆ லெக் வந்தான்.
பசார் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு
ஏராவிலிருந்து மேலே தடவினான்.
வெறுங்கை ஏமாந்துவிடுமாம், பை ஏமாறாதாம்.
இங்கே, என்றான். இங்கே.
பிறகு, இங்கேயும்.
அவன் போனபின் மங்கை சொன்னதை
எழுத முடியாது.

பென்சிலால் கிறுக்கு,
கிறுக்கல் போகும்வரை தேய் என்றிருந்தான்.
சும்மா கிறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.
கூட்டுப் பணம் எண்ணூறு வெள்ளி,
மோட்டார் தவணை,
சின்னவன் பல்லுக்கு நூற்றறுபது,
ஆலையில் பிடித்துக்கொண்ட மூன்று நாள் சம்பளம்
என்று விலா முழுக்க எழுதினாள்.
நான் தேய்த்தேன்.
எட்டு முதலில் போயிற்று.
பூஜ்ஜியங்கள் பள்ளத்தில் இருந்தன போல,
கடைசிவரை நின்றன.

திங்கட்கிழமை உரிமம் எடுக்கப் போனேன்.
கட்டைவிரலை வைக்கச் சொன்னது இயந்திரம்.
வைத்தேன். துடைத்து வைத்தேன்.
மற்றக் கையை வைத்தேன்.
முகப்பில் இருந்த பெண்
என் முகத்தையும் அட்டையில் இருந்த முகத்தையும்
மாறிமாறிப் பார்த்தாள்.
ரேகை இல்லையே காக், என்ன வேலை செய்கிறீர்கள்?
எண்ணெய் தடவுங்கள்.
இரண்டு வாரம் கழித்து வாருங்கள்.

பஸ் நிறுத்தத்தில்
கட்டைவிரலால் கன்னத்தைத் தொட்டேன்.
கன்னத்துக்குத் தெரிந்தது.
விரலுக்குத் தெரியவில்லை.

வந்து பார்த்தால்
முதல் பூச்சு காய்ந்திருந்தது.
நானூறாம் நம்பரை வாளித் தண்ணீரில்
ஊறப் போட்டிருந்தாள் மங்கை.
இரண்டு வாரம் கை சும்மா இருக்கணுமாம், என்றேன்.
அப்ப நீ எழுது, நான் தேய்க்கிறேன்,
என்று பென்சிலை நீட்டினாள்.

வாங்கினேன்.
விரலில் நிற்காமல்
வழுக்கிக்கொண்டே இருந்தது.