கடுகைவிடச் சிறியது

குன்னூர்ப் பூங்கா நாற்றங்காலில்
பிகோனியா விதைக்கும் நாளில்
கதவைச் சாத்திவிடுவோம்.
ஒரு தும்மல் போதும்,
அரைப் பாத்தி பறந்துவிடும்.

ஞாயிறன்று உபதேசியார் தியோடர்
கடுகைவிடச் சிறிய விதையே இல்லை என்றார்.
பக்கத்தில் ஜெபக்கனி தலையாட்டினாள்.

எழுந்து கேட்டால்
விசுவாசக் குறைச்சல் என்பார்.
கேட்காமலிருக்க
விதை தெளித்த கை விடவில்லை.

அன்று கரையில் உட்கார்ந்து கேட்டவர்கள்
பிகோனியாவைக் கண்டார்களா?
கடுகுதான் அவர்கள் வீட்டில் இருந்தது,
அதையே எடுத்தார் போல.

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரவு வேதத்தைத் திறந்தேன்,
நடு மடிப்பில் ஒரு புள்ளி.
என் நகக்கண்ணிலிருந்து உதிர்ந்ததா,
அச்சுக்கூடத்து மையா?
லென்ஸ் நாற்றங்காலில் இருக்கிறது.

ஊதவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அடுத்த வசனத்துக்குப் போனேன்.