எண்பத்தைந்து மில்லிமீட்டர்

கிழக்கிலிருந்து வரும் தண்டவாளம் ஒடுக்கம்.
எங்களுடையது அகலம்.
வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
என் உள்ளங்கையை வைத்தால் சற்றே மீதமிருக்கும்.
ஏதோ ஒரு ஜார் காலத்தில், ஏதோ ஒரு மேசையில்
யாரோ போட்ட கோடு.
அந்த மீதத்தில்தான் என் பிழைப்பு.

எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு
இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
ஆனாலும் இதற்குத் துறைமுகம் என்று பெயர்.
பளுதூக்கியின் உச்சியில் கண்ணாடிக் கூண்டில்
நான், கம்ஷாத்,
ஒரு ரயிலின் பெட்டியைக் கவ்வி
மறு ரயிலின் முதுகில் வைப்பவள்.

உலகம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று
செய்தி வாசிப்பவர்கள் மாலையில் சொல்வதை
என் முழங்கால் பக்கத்துச் சின்னத் திரை
காலையிலேயே சொல்லிவிடும்.
எடை மட்டும் காட்டும். கருத்துச் சொல்லாது.

மேற்கே போவது:
இருபத்தெட்டு டன். இருபத்தாறு. முப்பது.
மேற்கிலிருந்து திரும்புவது:
மூன்றே முக்கால். மூன்றே முக்கால். மூன்றே முக்கால்.
அது வெறும் பெட்டியின் எடை.
காலியாக வந்தாலும்
பத்திரமாகத்தான் இறக்கிவைக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன நாளில்
கார் என்றால் மேற்கிலிருந்துதான் வரும்.
யாரோ ஓட்டிச் சலித்தது, உள்ளே அந்நியச் சிகரெட்டின் சாம்பலோடு.
அந்தச் சாம்பலை அப்பா ஒரு வாரம் கொட்டவில்லை.
இப்போது கிழக்கிலிருந்து வருகிறது, சத்தமில்லாமல்,
இருக்கையில் பாலித்தீன்கூடப் பிரிக்காமல்.
எங்களைத் தாண்டி நிற்காமல் போகிறது,
பழசை விற்றவனின் ஊருக்கே.

முன்பு பளுதூக்கி முனகினால்
ஹாம்பர்க்கிலிருந்து டெட்லெஃப் வருவார்.
இரும்பைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.
போன வசந்தத்தில் வந்தவர் எதையும் தட்டவில்லை.
புதுப் பளுதூக்கியின் நிழலில் நின்று
அதன் தகட்டிலிருந்த சீன எழுத்துகளைப்
படம் பிடித்துக்கொண்டார்.
"நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடியும் சொன்னார், மெதுவாக.

அப்பாவின் சேமிப்புப் புத்தகத்தில்
ஐயாயிரம் ரூபிள் இருந்தது.
ஒரு நவம்பரில் அந்த நாடும் இல்லை, அந்தப் பணமும் இல்லை.
புத்தகம் இருக்கிறது.
அதனால்
டாலர் சாகாது என்று சத்தியம் செய்பவரைக் கண்டாலும்
யுவான்தான் இனி என்று குதிப்பவரைக் கண்டாலும்
எனக்கு ஒரே கொட்டாவி.

வியாழக்கிழமை காற்று கிளம்பியது.
பெட்டி கொக்கியில், பாதி வழியில்.
நொடிக்கு இருபது மீட்டர் தாண்டினால் அசையக்கூடாது என்பது விதி.
நிறுத்தினேன்.
கீழே அவர்கள் பக்கத்து லியாங் விசில் ஊதினார்.
எங்கள் பக்கத்து யெர்போலாத் விசில் ஊதினார்.
சுவரில் இரண்டு கடிகாரம்:
பெய்ஜிங்குக்கு ஐந்து, எங்களுக்கு இரண்டு.
பெட்டி சக்கரத்தின் மேல் உட்கார்ந்த நொடியில்தான்
பொறுப்பு கைமாறும், கையெழுத்து விழும்.
அதுவரை அது யாருடையது?
வயர்லெஸ்ஸில் சண்டை போட்டார்கள்,
இருவருக்கும் பொதுவான அரைகுறை ரஷ்யனில்.
வல்லரசு போய்விட்டது,
வசவுகள் தங்கிவிட்டன.

பதினொரு நிமிடம்.
இருபத்தொன்பது டன் அந்தரத்தில்
எங்கே உட்கார்வதென்று தெரியாத விருந்தாளி போல்
லேசாகத் திரும்பித் திரும்பி.
காகிதத்தில் 'வீட்டு உபயோகப் பொருட்கள்'.
யெர்போலாத்தின் நாய் அதன் நிழலுக்குள் போய்ப் படுத்தது.
கத்தினார்கள், கல்லெறிந்தார்கள், எழவில்லை.
எனக்கோ சிறுநீர் முட்டியது.
இறங்குவதற்கு நூற்றுப் பத்துப் படி.

பிறகு காற்று தணிந்தது, யார் சொல்லியும் அல்ல.
இறக்கினேன். நான்கு மூலையும் பூட்டில் விழுந்தன.
லியாங் ஐந்து பதினொன்று என்று எழுதினார்.
யெர்போலாத் இரண்டு பதினொன்று என்று எழுதினார்.
நாய் வேறு நிழல் தேடிப் போனது.

அடுத்தது மேற்கிலிருந்து வந்த பெட்டி.
காகிதத்தில் 'காலி'.
கவ்வித் தூக்கினேன்.
திரையில் நான்கே கால்.
இறக்கிவைத்து
இன்னொரு முறை தூக்கினேன்.
நான்கே கால்.