ஏழாவது கேள்வி

பந்தை எறிந்தால் ஒருநாளும் திருப்பிக் கொண்டுவராத நாய்
எனக்கொரு கரடியைக் கொண்டுவந்தது.

அக்டோபர் மாதம். துஷ்நாத் ஊருக்கு மேலே
ஊற்றுநீர் பிடிக்கப் போயிருந்தேன்.
இரும்பு வாசத்தோடு, நுரையோடு
மண்ணிலிருந்தே சோடா வரும் ஊர் எங்களுடையது.
கையில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள். கணுக்கால்வரை பனிமூட்டம்.
யாருமில்லை என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.
யாருமில்லை என்பது
மனிதக் கணக்கு.

மொர்ஜா அதன் பெயர். எங்கள் மொழியில் ரொட்டித் துணுக்கு.
ஏழு கிலோ. ஒரு காது நிற்கும், ஒரு காது விழும்.
இதுவரை அது வென்ற ஒரே எதிரி
தபால்காரி இபொயாவின் சைக்கிள்.

முதலில் குரைப்பு,
தகரத்தைக் கிழிக்கிற மாதிரி.
பிறகு குரைப்பு நின்றது.
பிறகு காலடிகள். சின்னதாய் நான்கு,
அதன் பின்னால்
சரிவே பெயர்ந்து வருவதுபோல் நான்கு.

நாக்கு ஒரு பக்கம் தொங்க ஓடி வருகிறது என் நாய்.
முகத்தில் அப்படியொரு நம்பிக்கை:
இதோ இருக்கிறாள்,
டின் திறக்கிறவள்,
இடி இடித்தால் போர்வைக்குள் இடம் தருகிறவள்,
கதவின் கைப்பிடி எட்டுகிறவள்.
இதையும் பார்த்துக்கொள்வாள்.

என் கால்களுக்கிடையில் புகுந்துகொண்டு
மறுபடி குரைத்தது,
வேலிக்குப் பின்னால் நிற்கிறவனின் வீரம்.
வேலி நான்.

கரடி நின்றது. பத்தடி இருக்கும்.
ஈர ரோமம். அழுகிய ப்ளம் பழ வாடை.
இடது காதில் மஞ்சள் வில்லை.
ஓடக்கூடாது என்று சுவரொட்டியில் படித்திருக்கிறேன்.
ஓடவில்லை. தைரியம் ஒன்றுமில்லை,
முழங்கால்கள் என்னைக் கேட்காமலே முடிவெடுத்திருந்தன.
ஒரு புட்டி நழுவிக் கல்லில் உடைந்து
சோடா சீறியது.
சீறியது நான்தான் என்று நினைத்ததோ என்னவோ,
தவறான வீட்டு மணியை அடித்துவிட்டவர்போல
ஒரு சங்கடத்தோடு
கரடி பின்வாங்கியது. புதர் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் கைபேசி அலறியது:
உங்கள் பகுதியில் கரடி நடமாட்டம். வெளியே வராதீர்கள்.

மொர்ஜா வாலை ஆட்டியது. பாராட்டு வேண்டுமாம்.

வீட்டில் ஸோம்பொர் கத்தினான், கட்டிக்கொண்டான், மறுபடி கத்தினான்.
மறுநாள் நகராட்சியில் ஒரு படிவம்.
இடம், நேரம், விலங்கின் அடையாளம்.
ஏழாவது கேள்வி: விலங்கு தானாகத் துரத்தியதா?
எட்டாவது: உங்கள் நாய் கயிற்றில் இருந்ததா?

மேசைக்கு அந்தப் பக்கம் ஒர்ஷோல்யா, என்னோடு படித்தவள்.
குரலைத் தாழ்த்தினாள்:
இரண்டுக்கும் ஆம் போடு, எமோக்கே. அபராதம் மிச்சம்.
அந்த மஞ்சள் வில்லைக்கு ஏற்கெனவே இரண்டு ஆம் விழுந்திருக்கிறது.
மூன்றாவது விழுந்தால் துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள்.
ஊருக்கும் நிம்மதி.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
விடியுமுன் பேக்கரிக்கு நடக்கிறாள் ஒர்ஷோல்யாவின் மகள்.
அந்தப் பாதையிலும் ப்ளம் மரங்கள்தான்.
நாளைக்கு அந்தக் கரடி என்ன செய்யும்? தெரியாது.
நேற்று யார் தொடங்கியது என்பது மட்டும் தெரியும்,
அது வெளியே கம்பத்தில் கட்டப்பட்டு
ஒரு புறாவை மிரட்டிக்கொண்டிருந்தது.

இல்லை என்று எழுதினேன்.
அதன் கீழே இன்னொரு இல்லை.
ஒர்ஷோல்யா முத்திரை குத்தினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நானூறு லெய் அபராதம்.
புதுக் கயிறு, சிவப்பு, மணிக்கட்டில் இரண்டு சுற்று.
இப்போதும் சில இரவுகளில்
குப்பைத்தொட்டி உருளும் சத்தம் கேட்கிறது.
ஸோம்பொர் புரண்டு படுக்கிறான், ஒன்றும் சொல்வதில்லை.
மொர்ஜா கதவுவரை போய்
நிற்கும் காது நின்று, விழும் காது விழுந்து
என்னைத் திரும்பிப் பார்க்கிறது.
வெறுங்காலோடு போய் அதன் பக்கத்தில் நிற்கிறேன்.
குரைக்கலாமா என்று இருவரும் யோசிக்கிறோம்.
கைப்பிடி எனக்கு மட்டும்தான் எட்டும்.