இரண்டு டாலர் கரண்டி

டுலூத் ஊரில்
மே மாதத்திலும் பனிக்கட்டி மிதக்கும் ஏரிக்கரையில்
ஐஸ்க்ரீம் கடை போட்டாள் ஐலீ மாட்சன்.
சிரிக்காதீர்கள்.
முதல் இரண்டு கோடையும் வரிசை பாலம்வரை நின்றது.
மூன்றாவதில் விடாத மழை.
நான்காவதில் உறைபெட்டி செத்தது.
ஐந்தாவதில் வாடகைக்கு ஓர் அட்டை,
அந்த அட்டைக்கு இன்னோர் அட்டை.

நம் பேச்சில் மஞ்சக் கடுதாசி.
அங்கே வெறும் வெள்ளைத் தாள், நாற்பத்தாறு பக்கம்.
அடியில் அவள் போட்ட கையெழுத்து
போகப்போகச் சிறுத்து
கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு.

நீதிமன்றம் அமர்த்திய ஆள்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
நகை உண்டா, படகு உண்டா,
யாராவது உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறதா?
அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து
இல்லை என்றாள்.
ஐஸ்க்ரீம் கரண்டி, ஒன்று, மதிப்பு இரண்டு டாலர்
என்று பட்டியலில் இருந்தது.
அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான்கே நிமிடம்.
வண்டி நிறுத்த ஒரு மணி நேரத்துக்குக் காசு போட்டிருந்தாள்.
மீதி ஐம்பத்தாறு நிமிடமும்
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்,
கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று.

அதன்பிறகு போன் அடிக்கவில்லை.
காலை எட்டு மணியானால்
கை தானாகப் போய் அதைக் கவிழ்த்து வைத்தது,
வெகுநாள்.

முந்நூறு டாலரை வங்கியில் பிணையாக வைத்தால்
முந்நூறு டாலருக்கு ஓர் அட்டை தருவார்கள்.
தன் காசைத் தானே கடன் வாங்கி
தவணை தவறாமல் கட்டிக் காட்ட வேண்டும்.
மாதம் ஒருமுறை பன்னிரண்டு டாலருக்குப் பெட்ரோல்,
மறுநாளே கட்டிவிடுவாள்.
நாணயம் என்றால் நமக்குக் காசும் அதுதான்,
சொல் தவறாமையும் அதுதான்.
அங்கே அது மூன்று இலக்கம்.
ஐந்நூற்று இருபத்தொன்று.
ஐந்நூற்று முப்பத்து மூன்று.
பிறகு, ஒரு தப்பும் செய்யாத மாதத்தில்,
ஐந்நூற்று இருபத்தொன்பது.

பகலில் முதியோர் இல்லத்துச் சலவை அறை.
இரவில் சமையல் மேசையில் உறைகள்:
வாடகை, வெப்பம், பெட்ரோல், பல்.
வலது கடைவாய்ப் பல் போய் பதினான்கு மாதம்.
ஆப்பிளை இடப்பக்கமாகவே தின்னப் பழகிவிட்டாள்.

படுக்கை விரிப்பை இருவர் சேர்ந்துதான் மடிக்க முடியும்.
எதிர்முனை பிடிப்பவள் கோரீன்.
நுனியோடு நுனி சேர்க்கக் கிட்டே வந்தபோது
வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன், நாற்பது டாலர், என்றாள்.
பல் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் ஐலீ.
என்னவென்று கேட்கவில்லை.

வெள்ளி போனது. அடுத்த வெள்ளியும்.
விரிப்பு மடிக்கையில் கோரீன்
துணியின் ஓரத்தையே பார்த்தாள்.
அந்தப் பார்வை ஐலீக்குத் தெரியும்;
இரண்டு வருடம் அவள் முகத்தில் குடியிருந்தது.

வீடு திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில்,
எப்படிக் கேட்பதென்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.
"உங்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல்தான்."
வந்தது அவள் குரல் இல்லை.
எட்டு மணிக்கு அழைத்துக்கொண்டிருந்த அந்தப் பையனின் குரல்,
அதே கனிவு, அதே பல்லிளிப்பு.
பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை.
பின்னால் ஹார்ன்.

மார்ச்சில் ஒருநாள்
அவள் கோட்டுப் பையில் இருபத்தைந்து டாலர் இருந்தது,
டிஷ்யூ தாளில் சுருட்டி.
மீதியைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அந்த மாதம் எண் ஐந்நூற்று நாற்பத்தெட்டு.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை;
இது எந்த ஏட்டிலும் ஏறாது.

இரவெல்லாம் மறுபடி பனி.
விடியும்முன் ஐலீ வாசற்படிக்கு உப்புத் தூவுகிறாள்,
படிக்கு ஒரு கரண்டி,
ஐஸ்க்ரீம் அளந்த அதே கையளவு,
விளிம்பில் தட்டிச் சமன்செய்து.
கடைசிப் படிக்கு மட்டும்
கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது.
குனிந்து பார்த்தாள்.
அள்ளவில்லை.