தண்ணி வேலை

ஜுஃபைரில் ஒரு ஹோட்டல்.
அடித்தளத்தில் நான்கு டிகிரிக்கு ஓர் அறை.
அதன் கதவுக்கு வெளியே
இரவு பதினொன்றுக்கும் முப்பத்தெட்டு.
கம்பளிச் சட்டைக்குள் வியர்த்தபடி
உள்ளே போய் வருகிறேன்.

விசாவில் பிளம்பர்.
பில்லில் லைன் டெக்னீஷியன்.
வீட்டில் கேட்டால், தண்ணி வேலை.
எந்தத் தண்ணி என்று
அமலோற்பவம் ஒரே ஒருமுறை கேட்டாள்.
ரெண்டும்தான் என்றேன்.
அவள் சிரித்தாளா, சிக்னல் போனதா,
இன்றுவரை தெரியாது.

நாளை பிறை தெரியலாம் என்கிறார்கள்.
தெரிந்தால் ஒரு மாதம் பார் மூடல்.
பன்னிரண்டு குழாய்களையும்
இன்றிரவே கழுவி, நீர் நிரப்பி, அடைக்க வேண்டும்.
குடிக்க ஆளில்லாத பீர்
குழாய்ச் சுவரையே குடித்துப் புளிக்கும்.

பீப்பாயைத் தட்டினால்
நிறைந்தது ஊமை, காலியானது மணி.
கப்ளரைத் திருகித் தூக்க
சீறி அடங்குகிறது வாயு.
முதலில் பச்சைத் தண்ணீர்.
பிறகு ஊதா மருந்து.
ஊதா ஊதாவாகவே வந்தால் சுத்தம்,
பச்சையாகி வந்தால்
உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.

ஏழாம் லைன் எப்போதும் பச்சை.
சமையலறைக் கூரைக்கு மேலே,
வறுவல் அடுப்பின் சூட்டைத் தாண்டிப் போகிறது
பத்தொன்பது மீட்டர்.

மாதம் ஒருமுறை கழுவினால் போதாதா என்று
மேனேஜர் நபீல் கேட்ட நாளில்
அந்தக் குழாயின் மூக்கைக் கழற்றி
பிரஷ்ஷை விட்டு ஒரு திருகு.
வந்ததை அவருடைய வெள்ளை பில்லிலேயே தடவினேன்.
அன்றிலிருந்து அவர் பாட்டில் பீருக்கு மாறிவிட்டார்.
மாதம், பதினைந்து நாளாயிற்று.
அவ்வளவுதான் என் வெற்றி.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
மூன்று வருடம் முன் ஒரு காய்ச்சலோடு போன மோப்பம்
திரும்பி வரவில்லை.
நிறத்தை நம்புகிறேன்,
காரம் போயிற்றா என்று காட்டும் காகிதத்தை நம்புகிறேன்,
கடைசியில் மாரிவிக்கின் நாக்கை.

பார் கவுண்டரைத் துடைத்து முடித்து
குட்டிக் கிளாஸில் ஒரு மடக்கு வைத்துப் பார்ப்பாள்.
தண்ணி, என்பாள்.
நான் கற்றுக்கொடுத்த ஒரே சொல்.
அதன் இன்னொரு அர்த்தத்தை
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்று, தண்ணி. இரண்டு, தண்ணி.
ஆறுவரை தண்ணி.
ஏழில் நின்றாள்.
ஊதா ஊதாவாகவே வந்திருந்தது, காகிதமும் சரி.
பட்டர், என்றாள்.

மறுபடி மருந்து. மறுபடி இருபது நிமிடம்.
பட்டர்.

மணி ஒன்றரை.
ஏணி போட்டேன், கூரைப் பலகையை நகர்த்தினேன்.
அடுப்புக்கு நேர் மேலே ஒரு முழங்கை இணைப்பு.
உள்ளே ரப்பர் வளையம்,
சுண்டுவிரல் நகத்தளவு வெடிப்பு.
எத்தனை வாரப் புளிப்போ
அந்த வெடிப்பில் கால்நீட்டிப் படுத்திருந்தது.
ஐம்பது ஃபில்ஸ் பெறாது.
பையில் புதிது இருந்தது.

பிறகு எட்டு, ஒன்பது, கடைசிவரை முடித்து
மூக்குகளை அடைத்துவந்தேன்.
ஏழை மட்டும் அடைக்கவில்லை.

மாரிவிக் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.
கடைசி பஸ் போயிருந்தது.
கிளாஸை நீட்டினேன்.
இம்முறை வாயில் வைத்துப் பார்க்கவில்லை,
முழுதும் குடித்தாள்.
ஒரு சொல்லும் சொல்லாமல்
காலிக் கிளாஸை என் பக்கம் நீட்டினாள்,
இன்னும் கொஞ்சம் என்று.