அலகில் தூசு

சிறுநீரகம் மாற்றும் தேதி முடிவானதும்
ரத்தன் மண்டலுக்கு எழுதித் தந்த சீட்டில்
மாத்திரைகளுக்கெல்லாம் கீழே ஒரு வரி:
பறவை கூடாது.

மால்டாவிலிருந்து துணி போர்த்திய கூண்டோடு
காட்பாடியில் வந்து இறங்கியவர்கள்.
எங்கள் லாட்ஜில் இருநூற்றேழாம் அறை, ஏழு மாதம்.
ஷெஃபாலி சாவியை வைக்கிற இடத்தில்
கூண்டை வைத்தாள்.
அவளுக்குத் தக்காளி விலை பேசுமளவு தமிழ் வந்திருந்தது,
விடைபெறுமளவு வரவில்லை.
"தூசு, தீதி" என்றாள்.
இறகிலிருந்து உதிர்கிற அந்த வெள்ளைத் தூள்
அவள் தரப்போகும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

டுக்டுகி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை,
கன்னத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு.
லிஃப்ட் நிற்கும் ஓசையைச் சீட்டியடிக்கும்.
கதவு திறக்கும், யாரும் இறங்கமாட்டார்கள் என்று
வாட்ச்மேன் ஏசுபாதம் இரண்டுமுறை ஏமாந்தார்.

மூன்றாம் வாரம் ரசீதுப் புத்தகத்தில் பஞ்சு.
பிறகு இறகு.
பிறகு இறக்கைக்கடியில்
உரித்த கோழிபோல் ஒரு திட்டு.
கண்ணேறு என்றார் ஏசுபாதம்,
வேப்பெண்ணெய் தடவினார்.
அது இன்னும் ஆத்திரமாய்ப் பிடுங்கிக்கொண்டது.

தொரப்பாடியில் மாடு பார்க்கிற டாக்டர் வசுமதி
டார்ச் அடித்து இறக்கையை விரித்தார்.
முதலில் எண்ணெய்க்குத் திட்டு.
"பேன் இல்ல. பூஞ்சை இல்ல.
அலகைப் பாருங்க, பாலிஷ் போட்டமாதிரி மின்னுது.
மின்னக்கூடாது.
நல்லா இருக்கிற குருவிக்கு
திருநீறு பூசினமாதிரி இருக்கணும்."

சூரியகாந்தி விதையை நிறுத்தினேன்.
தினை, முருங்கைக்கீரை, துருவின கேரட்.
கொசுவத்தி, சாம்பிராணி இரண்டும் கிடையாது.
காலையில் பன்னீர் தெளிக்கிறமாதிரி வெறும் தண்ணீர்.
பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள்.
பன்னிரண்டு மணிநேரம் இருட்டு.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற லாட்ஜில்
இருட்டுக்கு எங்கே போவது?
ராத்திரி இரண்டுக்கும் யாரோ ஸ்கேன் கவரோடு வந்து
அறை இருக்கா என்பார்கள்.
பின்னறையில் தலையணை உறைகளுக்கு நடுவே
அதற்கு ஓர் இரவு செய்து கொடுத்தேன்.

மே மாதம். மலைப்பாறைகள் விடியும்வரை
வெயிலைத் திருப்பிக் கொடுக்கும் ஊர் இது.
கரண்ட் போய் ஜெனரேட்டர் தடதடத்த நொடி
கூண்டே ஒரு உதறல்.
புதிதாக முளைக்கிற இறகின் காம்பில்
ரத்தம் ஓடும், அன்றுவரை எனக்குத் தெரியாது.
அது முறிந்திருந்தது.
கம்பியில் ரத்தம், துவைத்த உறையில் ரத்தம்.
எதிர் மெஸ்ஸில் ஒரு கை சோளமாவு வாங்கி
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.
அகர்தலாவிலிருந்து அப்போதுதான் வந்த ஒருவர்
அறை கேட்க வந்ததை மறந்து
பத்து நிமிடம் போனில் வெளிச்சம் பிடித்தார்.
என் விரலுக்கடியில் துடித்தது
ரத்தமா, இதயமா,
அவ்வளவு சின்ன உடம்பில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு இரவு முழுக்க
ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.
முதலாளி கணக்கு கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஆடியில் தலையெல்லாம் முள்.
ஷூ லேஸ் முனைபோல் உறை போட்ட குருத்திறகுகள்.
வாலை எட்டும், முதுகை எட்டும்,
தன் உச்சந்தலையை மட்டும்
எந்தப் பறவையும் எட்டாது.
கூட்டமாய் இருந்தால் இன்னொன்று கோதிவிடுமாம்.
டுக்டுகி கம்பியோரம் வந்து
தலையைக் குனிந்தது.
நகங்களுக்கிடையில் மெல்ல உருட்டினேன்,
உறை பொடிந்தது,
உள்ளே மஞ்சள்.

நேற்று தங்குவோர் பதிவேட்டைத் திறந்தால்
ஊர்ப்பெயர்கள்மேல் மெல்லிய வெள்ளை.
துடைக்கப்போன கை நின்றது.
அலகைப் பார்த்தேன். மங்கலாய் இருந்தது. மங்கலாய்!

மால்டாவுக்கு வீடியோ கால்.
ஷெஃபாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
டுக்டுகி கொண்டை நிமிர்த்தி
மொத்த உடம்பையும் ஒருமுறை உதறியது,
திரை முழுக்கத் தூள்.

அந்தப் பக்கம் ரத்தன்
சட்டென்று பின்னால் நகர்ந்து
மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்தார்.
பிறகுதான் போன் என்று ஞாபகம் வந்து
மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார்.