கூடுதல் இருபத்தாறு

விட்டபோது மீட்டர் 38,412.
எடுத்தபோது 38,438.
பிரேக்கில் ஒரு கிறீச்சுக்கு
இருபத்தாறு கிலோமீட்டரா?

சண்டைக்குச் சொல் அடுக்கியபடி
காரைக்குடி ஷோரூம் வாசலிலேயே
டேஷ்கேமிராவைத் தட்டினேன்.

குன்றக்குடிச் சாலை.
ஜாப் கார்டில் இருக்கிற சேவுகப்பெருமாள்:
"வாரண்டி கெடையாதுன்னு எழுதணும்டா இதுக்கு."
மூன்றாம் கியர். டர்போ மூச்சிழுக்கிறது.
புளியமரங்கள் கழன்று பின்னால் விழ,
பக்கத்துச் சீட்டில் யாரோ முருகா என்கிறான்.

ஆட்டுமந்தை.
நின்ற வண்டிக்குள் இன்ஜின் மட்டும் பேச,
மெதுவாக:
"எவன்டா இத டியூன் பண்ணுனது.
கையக் குடுக்கணும்டா அவனுக்கு."

எட்டு மாத ராத்திரிகள்.
வீட்டில் அதற்குப் பெயர் தண்டச்செலவு.

கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.
"ஏதும் குறை இருக்கா சார்?"
"பிரேக்ல இன்னும் சத்தம் கேக்குது" என்றேன்,
சாவியை நீட்டி.